பிராண்டட் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனியிலிருந்து முழுப் பெட்டியாக வந்த கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு போட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. பாதிப் பேர் கார்டை வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்றால் முதல் 6 கேள்விகளை மட்டுமாவது படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

1. என் சிஸ்டத்துல கார்டு போட முடியுமா முடியாதா, அதை மட்டும் முதல்ல சொல்லுங்க.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியவை மூன்று. மதர்போர்டில் சுமார் 9 செ.மீ. நீளமுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் 16 லேன் ஸ்லாட் (கார்டைச் செருகும் இடம்; லேன் என்பது தரவு போகும் பாதை) இருக்கிறதா, அந்த ஸ்லாட்டைச் சுற்றிக் கார்டு உட்கார இடம் இருக்கிறதா, பவர் சப்ளை தாங்குமா. கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் காலை வாரும்.

புத்தக அளவு மினி பெட்டி, மானிட்டருக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கும் ஆல் இன் ஒன் ஆகியவற்றில் பொதுவாக இந்த ஸ்லாட்டே கிடையாது. தண்டர்போல்ட் என்ற அதிவேக வெளி இணைப்பு போர்ட் இருந்தால் வெளிப்பெட்டியில் கார்டை வைத்து இணைக்கலாம். ஆனால் பெட்டி, அதற்கான பவர் சப்ளை, கார்டு எல்லாம் சேர்ந்தால் செலவு வேறு கணக்காகிவிடும். அது இந்தப் பக்கத்தின் விஷயம் இல்லை.

2. பவர் சப்ளை எத்தனை வாட்னு எங்க பார்க்கிறது? ஸ்டிக்கர்ல நாலஞ்சு நம்பர் இருக்கே?

பெரிய எழுத்தில் இருக்கும் மொத்த வாட்டை விட 12 வோல்ட் என்ற வரிசைதான் முக்கியம். புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க அதிலிருந்துதான் இழுக்கின்றன. அந்த வரிசையின் ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். சில ஸ்டிக்கர்களில் 12 வோல்ட் இரண்டு மூன்று வரிசையாகப் பிரிந்திருக்கும். அவற்றை அப்படியே கூட்டக் கூடாது. கீழே இவற்றுக்கு எல்லாம் சேர்த்து ஓர் உச்ச வரம்பு தனியாகப் போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு.

ஆபீஸ் ரகப் பெட்டிகளில் 180 முதல் 300 வாட் வரைதான் வைத்திருப்பார்கள். 65 வாட் என்று எழுதிய புராசஸர்கூட பூஸ்ட் ஆகும்போது (தானாக வேகம் கூடும்போது) சில நொடிகளுக்கு 100 வாட்டைத் தாண்டலாம். போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து இன்னொரு 40, 50 வாட். இவை போக மிச்சம் இருப்பதில் கார்டு அடங்க வேண்டும், அதற்கு மேலும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். 240 வாட் சப்ளையில் 75 வாட் கார்டு ஓடும். 115 வாட் கார்டு பெட்டியைத் திறந்த அன்று ஓடினாலும் ஒரு கனமான கேமில் கையை விரித்துவிடும்.

3. தனியா பவர் கேபிள் இல்லாம ஓடுற கார்டு எது?

ஸ்லாட் வழியாகவே அதிகபட்சம் 75 வாட் கொடுக்கலாம் என்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் விதி. அந்த வரம்புக்குள் நிற்கும் கார்டுகள்தான் பிராண்டட் பெட்டிக்கு முதல் தேர்வு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட், ஜிடிஎக்ஸ் 1650 மற்றும் 1050 டிஐ 75 வாட், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 என்பது 53 வாட், என்விடியாவின் ஜிடி 1030 என்பது 30 வாட். ஆர்எக்ஸ் 6400 வாங்கும் முன் 8ஆம் கேள்வியையும் பாருங்கள்.

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 3050 என்ற அதே பெயரில் வரும் 8 ஜிபி வகை 130 வாட், அதற்குத் தனிக் கேபிள் கட்டாயம். 1650இலேயே சில தயாரிப்பாளர்கள் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி 6 பின் சாக்கெட் வைத்திருக்கிறார்கள். கார்டின் மேல் விளிம்பு தெரியும் படத்தைப் பார்த்து, சாக்கெட் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிடி 1030இல் ஜிடிடிஆர்5, டிடிஆர்4 என இரண்டு மெமரி வகை உண்டு. டிடிஆர்4 வகையின் மெமரி வேகம் மற்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பெட்டியில் படம் ஒன்றாகவே இருக்கும்.

இன்னொரு கண்ணி: சில பழைய ஸ்லிம் பெட்டிகளில் ஸ்லாட்டுக்கே 25 அல்லது 35 வாட் என்று கம்பெனி வரம்பு வைத்திருக்கும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் ஸ்லாட் பற்றிய பகுதியில் இது இருக்கும். இரண்டு நிமிட வேலை, பார்த்துவிடுங்கள்.

4. என் பவர் சப்ளையில 6 பின் கேபிளே இல்ல. சாட்டா பவர்ல இருந்து மாத்துற கன்வெர்ட்டர் கார்டு கூடவே வந்துச்சு. போடலாமா?

போடாதீர்கள். கார்டில் உள்ள 6 பின் சாக்கெட் 75 வாட் வரை இழுக்கும், 8 பின் என்றால் 150 வாட் வரை. டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று சின்னப் பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட்தான். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் இளகும், கருகும். கேம் ஆடும்போது கருகிய நாற்றம் வந்தது என்பவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இந்தக் கன்வெர்ட்டர்தான் இருக்கும்.

இரண்டு பெரிய 4 பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து ஒரு 6 பின்னாக மாற்றும் கேபிள் கம்பி அளவில் பரவாயில்லை. ஆனாலும் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. 6 பின் கேபிளே இல்லாமல் ஒரு பவர் சப்ளை வருகிறது என்றால், அவ்வளவு சுமையை எதிர்பார்த்து அதைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

5. அப்போ பவர் சப்ளையையே மாத்திடலாமே?

மதர்போர்டுக்குப் போகும் முக்கியக் கனெக்டரில் எத்தனை பின் என்று எண்ணுங்கள். 24 என்றால் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் பொது அளவான ஏடிஎக்ஸ் சப்ளை பொருந்தும். அடுத்து பெட்டியில் இடம்: ஏடிஎக்ஸ் சப்ளையின் பின்முகம் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம். இந்த அளவுத் துளையும் நான்கு ஸ்க்ரூ இடமும் இருந்தால் வேலை சுலபம்.

பிராண்டட் பெட்டிகளில் பல, 6, 8 அல்லது 10 பின் கனெக்டரோடு வரும். சப்ளை 12 வோல்ட் மட்டும் கொடுக்கும், 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் மதர்போர்டே தயாரித்து டிஸ்குக்கு அனுப்பும். இதற்கு 24 பின்னிலிருந்து மாற்றும் கேபிள்கள் கிடைக்கின்றன. ஆனால் 8 பின் என்பதெல்லாம் ஒரே 8 பின் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் கம்பி வரிசை வேறு. தவறாகச் செருகினால் போர்டு போய்விடும். உங்கள் மாடல் எண்ணையே குறிப்பிட்டு விற்கும் கேபிளைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். இதைவிடப் பாதுகாப்பான வழி, அதே வரிசையின் டவர் மாடலுக்குக் கம்பெனியே தரும் கூடுதல் வாட் சப்ளை உங்கள் பெட்டியில் உட்காருமா என்று பார்ப்பது.

கேபிள்கள் கழன்று வரும் மாடுலர் சப்ளை வாங்கினால், அதனோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். வேறு சப்ளையின் கேபிள் சாக்கெட்டில் கச்சிதமாகப் பொருந்தும், உள்ளே கம்பி மாறியிருக்கும். டிஸ்க் செத்த பிறகுதான் தெரியும்.

6. என்னோடது ஸ்லிம் பெட்டி. எந்த அளவு கார்டு உள்ள போகும்?

பெட்டியின் பின்னால் ஸ்லாட்டுக்கு நேராக உள்ள தகட்டின் உயரத்தை அளந்து பாருங்கள். சுமார் 12 செ.மீ. என்றால் முழு உயரக் கார்டு போகும். சுமார் 8 செ.மீ. என்றால் லோ புரொஃபைல் கார்டு மட்டுமே. லோ புரொஃபைல் வாங்கும்போது குட்டைப் பிராக்கெட்டும் (கார்டின் முனையில் மாட்டும் உலோகத் தகடு) கூடவே வருகிறதா என்று கேளுங்கள். பழைய கார்டுகளில் அந்தப் பிராக்கெட் தொலைந்திருக்கும், அது இல்லாமல் கார்டைப் பெட்டியோடு ஸ்க்ரூ போட முடியாது.

நீளத்துக்கு, பின்தகட்டின் உள்பக்கத்திலிருந்து முன்னால் முதலில் தடுக்கும் பொருள் வரை அளங்கள். டிஸ்க் கூண்டு, முன் ஃபேன், போர்டில் பக்கவாட்டாக நீட்டியிருக்கும் சாட்டா கேபிள் இவற்றில் ஏதோ ஒன்று தடுக்கும். அந்த அளவில் 1 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஃபேன் கார்டு பொதுவாக 15 முதல் 18 செ.மீ., இரட்டை ஃபேன் 20 முதல் 25 செ.மீ., மூன்று ஃபேன் என்றால் 30ஐத் தொடும். தடிமனும் உண்டு: ஸ்லாட்டுக்கு ஸ்லாட் சுமார் 2 செ.மீ. இடைவெளி. இரண்டு ஸ்லாட் கார்டுக்கு 4 செ.மீ. வேண்டும். சில ஸ்லிம் பெட்டிகளில் 16 லேன் ஸ்லாட் பவர் சப்ளையை ஒட்டியே இருக்கும், அங்கே ஒற்றை ஸ்லாட் கார்டு மட்டும்தான்.

பவர் கேபிள் மேல் விளிம்பில் செருகும் கார்டு என்றால், பக்க மூடிக்கும் கார்டுக்கும் நடுவில் கேபிள் வளைய 3 செ.மீ.யாவது விடுங்கள். அளவெடுக்கும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான்.

7. ஏஎம்டி புராசஸர்ல என்விடியா கார்டு போட்டா சண்டை போடுமா?

போடாது. எந்தப் புராசஸரோடும் எந்தக் கார்டும் வேலை செய்யும்.

8. போர்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் 3, கார்டுல 4னு போட்டிருக்கு. பொருந்துமா?

பொருந்தும். இரண்டில் எது பழையதோ அந்த வேகத்தில் ஓடும். 16 லேனும் இணைத்த கார்டு என்றால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

மாட்டிக்கொள்வது லேனைச் சுருக்கிச் செய்த கார்டுகளில்தான். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் பார்வைக்கு முழு நீளக் கனெக்டர், உள்ளே இணைத்திருப்பது 4 லேன். பதிப்பு 4இல் அது நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி, பதிப்பு 3இல் 4 ஜிபி. 6400இல் மெமரியும் 4 ஜிபிதான் என்பதால், கேம் அதைத் தாண்டி ராமிலிருந்து எடுக்கத் தொடங்கியதும் இந்தக் குறுகிய பாதையில் நெரிசலாகித் திக்கித் திக்கி ஓடும். இன்டெல் 10ஆம் தலைமுறை வரை டெஸ்க்டாப் புராசஸர்கள் பதிப்பு 3தான். ஏஎம்டியில் ரைசன் 5600ஜி போன்ற 5000ஜி வரிசையும் பதிப்பு 3தான், போர்டில் 4 என்று எழுதியிருந்தாலும். அந்தப் பெட்டிகளுக்கு 6400ஐ விட, 16 லேன் உள்ள 1650 அல்லது 8 லேன் உள்ள 3050இன் 6 ஜிபி வகை நல்லது.

போர்டில் நீள ஸ்லாட் இரண்டு இருந்தால் புராசஸருக்கு அருகில் இருப்பதில் போடுங்கள். இரண்டாவது பெரும்பாலும் 4 லேன்தான்.

9. பழைய ஐ5 புராசஸருக்குப் பெரிய கார்டு வேஸ்ட்டுனு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?

கேமைப் பொறுத்தது. புராசஸர் நொடிக்கு 70 காட்சிகளுக்கு (ஃபிரேம்) மேல் கணக்குப் போட முடியாது என்றால், எந்தக் கார்டு போட்டாலும் 70ஐத் தாண்டாது. ஆனால் உங்கள் மானிட்டரே 60 ஹெர்ட்ஸ் என்றால் அதில் என்ன நஷ்டம்? கார்டு போட்ட பிறகு சோதிக்க எளிய வழி: கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். காட்சி எண்ணிக்கை ஏறினால் தடை கார்டில். ஏறாமல் அங்கேயே நின்றால் தடை புராசஸரில்.

புராசஸரைக் குறை சொல்வதற்கு முன் ராமைப் பாருங்கள். பிராண்டட் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே ஒரு ராம் குச்சியோடு வரும். அதே அளவில் இன்னொன்று சேர்த்தால் மெமரி இரட்டைப் பாதையில் ஓடும், திக்கல் குறையும். 8 ஜிபி ஒற்றைக் குச்சியோடு புதுக் கார்டு போட்டுவிட்டு ஏமாந்து போகிறவர்கள்தான் அதிகம்.

10. சிஸ்டம் பத்து வருஷப் பழசு. புதுக் கார்டுல டிஸ்ப்ளே வருமா?

பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள்) யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் ஓடினால் பெரும்பாலும் வரும். விண்டோஸ் தேடலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், பயாஸ் மோடு என்ற வரியில் யுஇஎஃப்ஐ அல்லது லெகசி (பழைய முறை) என்று இருக்கும். லெகசி என்றால் சில புதுக் கார்டுகள் தொடக்கத் திரையையே காட்டாது. எதிர்ச் சிக்கலும் உண்டு: யுஇஎஃப்ஐ ஆதரவே இல்லாத ரொம்பப் பழைய கார்டை செக்யூர் பூட் (அங்கீகரித்த மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) போட்டிருக்கும் பெட்டியில் செருகினாலும் திரை கறுப்பாகவே நிற்கும்.

பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால், கார்டைச் செருகும் முன், பழைய டிஸ்ப்ளே வேலை செய்யும்போதே செய்யுங்கள். இன்டெல் ஆர்க் கார்டு வாங்குபவர்கள் பயாஸில் ரீசைசபிள் பார் என்ற அமைப்பு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அது இல்லாமலும் ஆர்க் ஓடும், ஆனால் வேகம் நன்றாகவே விழும். பழைய பெட்டிக்கு ஆர்க் பரிந்துரைக்க மாட்டோம்.

11. செருகுறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல ஏதாவது செய்யணுமா?

கட்டாயமாக ஒன்று: டிஸ்கில் பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிராண்டட் பெட்டிகளில் அது தானாகவே போட்டு வருவது உண்டு. பயாஸ் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுத் திரை நின்றுவிடும். முன்னதாகவே சாவியை எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

ஏற்கெனவே வேறு கார்டு போட்டிருந்து இப்போது கம்பெனி மாறுகிறீர்கள் என்றால் பழைய டிரைவரை நீக்குங்கள். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளைச் சேஃப் மோடில் ஓட்டினால் சுத்தமாகப் போகும். போர்டோடு வந்த உள் கிராபிக்ஸின் டிரைவரை நீக்கத் தேவையில்லை.

12. சரி, எப்படிச் செருகுறது? படிப்படியா சொல்லுங்க.

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து பவர் கேபிளைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியைப் படுக்க வைத்து மூடியைத் திறந்து, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னூட்டத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். கம்பளத்தின் மேல் உட்கார்ந்து செய்ய வேண்டாம்.

ஸ்லாட்டுக்கு நேர்ப் பின்தகட்டைக் கழற்றுங்கள். இரண்டு ஸ்லாட் கார்டு என்றால் பக்கத்துத் தகட்டையும் எடுக்க வேண்டும். பிராண்டட் பெட்டிகளில் ஸ்க்ரூ இருக்காது, நீல அல்லது பச்சை நிறத் தாழ்ப்பாள் ஒன்று எல்லாத் தகடுகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை வெளிப்பக்கம் திறந்தால் போதும். ஸ்லாட்டின் மறுமுனையில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் கொக்கி திறந்திருக்கட்டும். கார்டை இரண்டு முனையிலும் விளிம்பைப் பிடித்து, தங்கநிறப் பின்களைத் தொடாமல், நேராகக் கீழே சமமாக அழுத்துங்கள். கொக்கி ‘டக்’ என்று மூடும். தங்கநிறக் கோடு ஒரு பக்கம் மட்டும் மேலே தெரிந்தால் கார்டு சாய்ந்திருக்கிறது, எடுத்து மறுபடி செருகுங்கள். பிராக்கெட்டின் அடிநுனி பெட்டிக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இறங்க வேண்டும். கார்டு முழுதாக உட்காராததற்கு முக்கால்வாசி நேரம் அது இறங்காததுதான் காரணம்.

பவர் சாக்கெட் உள்ள கார்டு என்றால் இப்போது கேபிளைச் செருகுங்கள். புராசஸருக்குப் போகும் 8 பின் கேபிளும் கார்டுக்கான 8 பின் கேபிளும் அச்சு அசலாக ஒன்று போலவே தெரியும், ஆனால் உள்ளே துருவம் தலைகீழ். கார்டுக்கானது 6 + 2 எனப் பிரியும், புராசஸருக்கானது 4 + 4 எனப் பிரியும். வலுக்கட்டாயமாக எதையும் அழுத்தாதீர்கள். தாழ்ப்பாளை மூடி, எந்தக் கேபிளும் ஃபேனில் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகி ஆன் செய்யுங்கள். பக்க மூடியை டிஸ்ப்ளே வந்த பிறகு மாட்டினால் போதும்.

13. கார்டு ஃபேன் சுத்துது, ஆனா மானிட்டர்ல ஒண்ணுமே வரல.

மானிட்டர் கேபிள் எதில் செருகியிருக்கிறது? மேலே, யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் என்றால் அது போர்டின் போர்ட். கீழே கிடைமட்டமாக இருக்கும் கார்டின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். இந்தக் கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. மானிட்டரில் எந்த இன்புட் தேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் பவர் கேபிளைப் பாருங்கள். ஃபேன் சுற்றுவது கார்டு நலமாக இருப்பதற்குச் சாட்சி இல்லை, ஸ்லாட் மின்சாரத்திலேயே அது சுற்றும். அடுத்து கார்டைக் கழற்றிவிட்டு போர்டின் போர்ட்டில் டிஸ்ப்ளே வருகிறதா என்று பாருங்கள். புராசஸர் பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் ரகமாக இருந்தால் அதில் உள் கிராபிக்ஸே இல்லை, இந்தச் சோதனை செல்லாது. டிஸ்ப்ளே வந்தால் பயாஸுக்குள் போய் முதன்மை டிஸ்ப்ளே என்ற அமைப்பை ஆட்டோ அல்லது பிசிஐஇ என்று வையுங்கள். லெகசி, யுஇஎஃப்ஐ விஷயம் 10ஆம் கேள்வியில் உள்ளது. கார்டு இல்லாமலும் வரவில்லை என்றால் வேலையின்போது ராம் அசைந்திருக்கலாம், எடுத்து மறுபடி செருகுங்கள்.

14. டிஸ்ப்ளே வருது, ஆனா எல்லாம் பெருசு பெருசா, மங்கலாத் தெரியுது.

டிரைவர் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருக்கும். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளத்திலிருந்து நேரடியாக எடுத்து நிறுவுங்கள். கார்டோடு வந்த சிடி வேண்டாம், அது காலாவதியாகியிருக்கும். நிறுவும்போது திரை இரண்டு மூன்று முறை அணைந்து வரும், பயப்பட வேண்டியதில்லை.

ரொம்பப் பழைய கார்டுக்குப் புது டிரைவர் வராது. உதாரணமாக என்விடியாவின் கெப்ளர் தலைமுறைக்கு 470 வரிசையே கடைசி. அதற்குப் பிந்தைய வரிசையை நிறுவ முயன்றால், பொருத்தமான வன்பொருள் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். கார்டு பழுதில்லை.

15. டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம், கோட் 43னு வருது.

கார்டு தன்னிடம் பிரச்சினை இருப்பதாகச் சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்று பொருள். முதலில் 11ஆம் கேள்வியில் சொன்னபடி டிரைவரைச் சுத்தமாக நீக்கி மறுபடி நிறுவுங்கள். போகவில்லை என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே கோட் என்றால் கார்டில்தான் கோளாறு.

ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவாக வாங்கிய கார்டு என்றால் போலியாகவும் இருக்கலாம். பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப்களில் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்பது தெரிந்த மோசடி. விண்டோஸில் பெயர் சரியாகவே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் பாருங்கள், தெரிந்த போலிகளைப் பெயருக்கு முன்னாலேயே குறிப்பிட்டுக் காட்டிவிடும்.

16. கேம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல சிஸ்டம் படக்குனு ரீஸ்டார்ட் ஆகுது.

எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல், ஸ்விட்சை அணைத்தது போல நின்றால் பவர் சப்ளை. கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப்புக்கு வந்தால் டிரைவர் அல்லது ராம். வண்ணக் கட்டங்களும் கோடுகளும் தெரிந்து பிறகு உறைந்தால் கார்டின் மெமரி அல்லது சூடு.

பவர் சப்ளையா என்று உறுதி செய்ய, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற கருவியில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் சந்தேகமே இல்லை. சில கார்டுகள் சராசரியாக 115 வாட் என்றாலும் நொடியின் சின்னத் துண்டில் அதைவிட எகிறி இழுக்கும், கையிருப்பு இல்லாத சப்ளை அந்த இடத்தில் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பவர் லிமிட்டைக் குறைத்தே வைத்து ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், வேகம் நினைக்கும் அளவுக்குக் குறையாது. ஆனால் சப்ளை விளிம்பில்தான் நிற்கிறது.

17. சூடு எவ்வளவு வரைக்கும் பரவாயில்ல?

கேமில் 65 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். 85ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் காற்று போதவில்லை. பிராண்டட் பெட்டிகளில் பெரும்பாலும் பின்னால் ஒரே ஃபேன், முன்பக்கம் மூடிய பிளாஸ்டிக். பக்க மூடியைத் திறந்து வைத்து அதே கேமை 15 நிமிடம் ஓட்டுங்கள். 8, 10 டிகிரி இறங்கினால் குறை பெட்டியில், கார்டில் இல்லை. முன்னால் ஒரு ஃபேன் மாட்ட இடமிருந்தால் மாட்டுங்கள்.

18. கார்டு போட்டும் கேம் பழைய மாதிரியே திக்குது. ஏன்?

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக் கேமை ஓட்டுங்கள். ஜிபியு 0, ஜிபியு 1 என இரண்டு தெரிந்து, உள் கிராபிக்ஸ் மட்டும் உழைத்துக்கொண்டிருந்தால் கேபிள் தவறான போர்ட்டில் இருக்கிறது. கேபிள் சரி என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் என்ற இடத்தில் அந்தக் கேமுக்கு உயர் செயல்திறன் என்று தேர்ந்தெடுங்கள்.

கார்டுதான் 100 சதவீதம் உழைக்கிறது என்றால் கேமின் செட்டிங்கைக் குறைக்க வேண்டியதுதான், முதலில் டெக்ஸ்ச்சரை. 4 ஜிபி கார்டில் டெக்ஸ்ச்சரை உச்சத்தில் வைத்தால் மற்றதையெல்லாம் குறைத்தும் பயனில்லை. கார்டும் முழுதாக உழைக்கவில்லை என்றால் 9ஆம் கேள்விக்குத் திரும்புங்கள்.

19. கேம் ஆட மாட்டேன், வீடியோ எடிட்டிங்குக்குத்தான். ஏதாவது சின்னக் கார்டு போதுமா?

இங்கே சின்னக் கார்டு ஏமாற்றிவிடும். ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400 இரண்டிலும் வீடியோவை என்கோடு செய்யும் (சுருக்கிக் கோப்பாக்கும்) வன்பொருளே கிடையாது. உங்கள் இன்டெல் புராசஸரின் உள் கிராபிக்ஸில் உள்ள குவிக் சிங்க் அந்த வேலையை இவற்றைவிட நன்றாகச் செய்யும். கார்டு போட்டதும் சில பெட்டிகளில் உள் கிராபிக்ஸ் தானாக அணைந்துவிடும் என்பதால், காசு கொடுத்து எக்ஸ்போர்ட்டை மெதுவாக்கிக்கொண்டதாகவும் முடியலாம். 3050இன் 6 ஜிபி வகை பிரயோஜனப்படும். அதற்குக் கீழே என்றால் அந்தப் பணத்தை ராமிலும் எஸ்எஸ்டியிலும் போடுங்கள்.

20. என் மானிட்டர்ல பழைய விஜிஏ மட்டும்தான் இருக்கு.

இன்றைய கார்டுகளில் விஜிஏ சிக்னலே வராது. வெறும் கேபிள் மாற்றினால் வேலை செய்யாது. உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ - விஜிஏ ஆக்டிவ் கன்வெர்ட்டர் தேவை.

21. கார்டுல ஒரு மானிட்டர், போர்டுல இன்னொண்ணு, ரெண்டையும் சேர்த்து ஓட்டலாமா?

ஓட்டலாம். பயாஸில் உள் கிராபிக்ஸை ஆட்டோ என்பதிலிருந்து எனேபிள் என்று மாற்ற வேண்டியிருக்கும். சில கம்பெனிகள் அதை மல்டி மானிட்டர் என்ற பெயரில் வைத்திருக்கும். மாற்றியதும் இரண்டாவது திரை உயிர்பெறும், 19இல் சொன்ன குவிக் சிங்க்கும் கிடைக்கும். கேம் ஆடும் மானிட்டரை மட்டும் கார்டிலேயே வையுங்கள். சில மாடல்களில் கார்டு செருகியதும் போர்டின் போர்ட்டுகள் நிரந்தரமாக அணைந்துவிடும், பயாஸிலும் அந்த அமைப்பு இருக்காது. அந்தப் பெட்டிகளில் இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே செருக வேண்டும். வாங்கும்போதே கார்டில் எச்டிஎம்ஐ எத்தனை, டிஸ்ப்ளே போர்ட் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.